நாற்பத்தாறு கிலோவுக்கு ஒரு ஜீப்

அன்று கராஜில் நின்றவர்கள் நாலு பேர். முதலாளி நசீர் நானா, வெல்டிங் வேலை செய்யும் சிவா, நான், ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்த கமலா அக்கா. பிறகு எதிரே தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்த இரண்டு பேரும் புதினம் பார்க்க வந்து சேர்ந்தார்கள். வராதவர் ஒருவர்தான். ஜீப்பின் சொந்தக்காரரும் கமலா அக்காவின் புருசனுமான தம்பிராசா அண்ணன். கிழமைக்கு இரண்டு தரம் அந்த ஜீப்பின் பின்பக்கத்தில் படுத்துக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர் அவர். அவருடைய உடம்பு தாங்கவில்லை என்றுதான் ஜீப்பையே கொண்டுவந்திருந்தார்கள். அவரையும் கூட்டிவரச் சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை எழுதச் சொன்னவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் என்னிடம் படிக்கிற பிள்ளைகள். அங்கே இப்போது ஒரு சிறிய கருவி வந்திருக்கிறது. வாகனத்தில் செருகினால் எந்த இடத்தில் பிழை என்று திரையில் காட்டிவிடும். "சேர், இது இல்லாத காலத்தில என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள், நான் ஏதோ பழங்காலத்து ஆள் என்பதுபோல. எனக்கு முப்பத்திமூன்று வயது. ஆனாலும் வாகனத்துக்குக் கீழே படுத்துச் செய்யும் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்றுவிட்டது உண்மைதான். முதுகில் ஒரு தட்டு விலகிவிட்டது. இனிப் பாரம் தூக்கப்படாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது வருடத்தோடு அந்த வேலை முடிந்தது. சின்னக் காலம்தான். ஆனால் அதில் நடந்த ஒரு வேலையையாவது முழுதாகச் சொல்லி வைக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

என் தகப்பன் மட்டக்களப்பு வாவியில் இறால் பிடித்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் பரம்பரையில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பாடம் படித்து, அந்தச் சான்றிதழோடு குருக்கள்மடத்தில் பிரதான வீதியோரம் இருந்த நசீர் நானாவின் கராஜுக்குப் போனேன். அவர் சான்றிதழை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்லாப் படிச்சிருக்காய். நாளைக்குப் பழைய சேட்டு ஒண்டு போட்டுட்டு வா" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

நசீர் நானா காத்தான்குடிக்காரர். மூத்த முஸ்லிம் ஆட்களை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். கட்டாரில் ஏழெட்டு வருடம் மணல் மேட்டில் ஓடும் ஜீப்புகளோடு மாரடித்துவிட்டு வந்தவர். என்னைவிட ஆறேழு வயதுதான் மூப்பு. சாவி ஒன்று இடம் மாறியிருந்தால் கடை அதிரக் கத்துவார். வேலை பிழைத்தால் கத்தமாட்டார், பேசாமல் போய் வாகனத்தில் ஏறிக் குந்துவார். அதுவும் ஓட்டுகிற ஆசனத்தில் இல்லை. முறைப்பாடு சொன்ன ஆள் எந்த இடத்தில் குந்துவாரோ அந்த இடத்தில். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வேன் ஒருமுறை வந்தது. கடைசி ஆசனத்தில் வருகிற வெள்ளைக்காரர் எல்லாம் சத்தி எடுத்துக் கக்குகிறார்கள் என்று சாரதி சொன்னான். நான் முன்னால் குந்தி ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. நானா கடைசி ஆசனத்தில் போய்க் குந்தி, என்னை ஓட்டச் சொல்லி, களுவாஞ்சிக்குடி போய்த் திரும்புவதற்குள் முகம் வெளுத்து இறங்கினார். "பின் ஷொக் அப்சோபர் ரெண்டும் செத்துப் போச்சு. முன்னுக்கு இருந்து பாத்தா உனக்கெப்பிடி விளங்கும்?" என்றார். அதற்குப் பிறகு நானும் அப்படியே பழகிக்கொண்டேன்.

ஆனால் தம்பிராசா அண்ணனின் ஜீப் வந்தபோது நானாவும் தவறினார், நானும் தவறினேன்.

அந்த ஜீப்பை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தெரியாதவர்கள் குறைவு. நாலு சில்லிலும், குலுக்கலைத் தாங்க வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய வில்லு வைத்த பழைய டீசல் ஜீப். தம்பிராசா அண்ணனின் வீடு மண்டூருக்கு உள்ளே, வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி தொடங்குகிற இடத்தில். மாரி வந்தால் வயல்வெளியும் வீதியும் ஒரே தண்ணீர். பஸ் வராது. உடம்பு நல்லாயிருந்த காலத்தில் அவர் தன் கையாலேயே அந்த ஜீப்பை உயர்த்தினார். பின் வில்லில் பக்கத்துக்கு இரண்டு, முன் வில்லில் பக்கத்துக்கு ஒன்று என்று லொறித் தகடுகளை ஏற்றி, பெரிய ரயர் போட்டார். தொடையளவு தண்ணீருக்குள்ளால் நெல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு அந்த ஜீப் வரும். அறுவடை காலத்தில் மற்றவர்களின் நெல்லையும் ஏற்றி நல்ல வாடகை எடுத்தார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டது. கிழமைக்கு இரண்டு நாள் மெசினில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். கோடையில் பஸ்ஸில் போனார். மழை தொடங்கினால் ஜீப் ஒன்றுதான் வழி. கமலா அக்கா வயலுக்குள் மிசின், அதாவது உழவு இயந்திரம், ஓட்டிப் பழகியவர். ஜீப்பையும் பிடித்தார். பிரச்சினை என்னவென்றால், பதினைந்து மூட்டைக்குப் போட்ட வில்லு ஒரு நோயாளிக்கு வளைந்து கொடுக்காது. ஒவ்வொரு குழியும் அவருடைய விலாவில் குத்தியது. மெசினில் கிடந்து தளர்ந்துபோய்த் திரும்புகிற நேரம் இன்னும் மோசம்.

"ரெண்டு தரம் வரமாட்டன் எண்டு சொல்லிட்டார் நானா" என்றார் கமலா அக்கா. "உந்த ஜீப்பில ஏறி அடிபட்டுச் சாகிறதுக்கு, வீட்ட கிடந்து சாகிறன் எண்டுறார். மழை இன்னும் நல்லாத் தொடங்கவும் இல்ல. இந்த மாரிக்கு நான் அவர என்னெண்டு கொண்டு போறது?"

"ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ரவுணில ஒரு அறை எடுத்து அவர வெச்சிருந்தா?" என்று சிவா கேட்டான்.

"மாட்ட ஆரு பாக்கிறது, நீ வந்து பாப்பியா? இவர ஒரு மாசம் ரவுணில தங்கச்சிர வீட்ட வெச்சுப் பாத்தாச்சு. சாப்பிடவும் இல்ல, நித்திரையும் இல்ல."

நசீர் நானா ஜீப்பைச் சுற்றி வந்தார். ரயரில் காலால் ஒரு தட்டுத் தட்டினார். கல்லுப் போல இருந்தது. "முதல்ல காத்து" என்றார்.

வேலைகளை ஒழுங்காகச் சொல்கிறேன், பிள்ளைகள் கேட்டது இதைத்தானே. முதலில் காற்று. நாலு ரயரிலும் நாற்பத்தெட்டு இறாத்தல் அழுத்தம் இருந்தது. மூட்டைக்கு அது சரி. இருபத்தாறுக்கு இறக்கினோம். இரண்டாவது, குலுக்கலை அடக்கும் ஷொக் அப்சோபர். தம்பிராசா அண்ணன் ஜீப்பை உயர்த்தியபோது அதை மாற்றவில்லை. உயரம் கூடியதால் அது முழுதாக நீண்டு, நின்ற நிலையிலேயே முட்டிக்கொண்டு இருந்தது. சில்லு குழியில் இறங்கும்போது இன்னும் நீள இடமில்லாமல் இரும்போடு இரும்பு அடிக்கும். நீளமானதாக நாலு வாங்கிப் பூட்டினோம். மூன்றாவது தகடு. வில்லைக் கழற்றிப் பிரித்தால் தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் துரு ஒட்டிப்போய்க் கிடந்தது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் வில்லு வளையும். துரு பிடித்தால் எத்தனை தகடு இருந்தாலும் அது ஒரே கட்டி. சிவா ஒவ்வொன்றையும் கிரைண்டரால் தேய்த்தான். நான் பழைய நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்றை வெட்டி, தகடுகளுக்கு இடையில் வைக்க மெல்லிய பட்டிகள் செய்தேன். கடைசியாக, வில்லின் முனைகளில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ். அதை இறுக்கும்போது நானா கிட்டவே நிற்பார். வாகனத்தை ஜாக்கியில் தூக்கிவைத்துக்கொண்டு அந்தப் போல்ட்டை இறுக்கக்கூடாது. அப்படிச் செய்தால் சில்லு தொங்குகிற நிலையில் ரப்பர் பிடித்துக்கொள்ளும், நிலத்தில் இறக்கியதும் முறுகிப்போய் நிற்கும், ஓட ஓட அந்த முறுக்கே உதைக்கும். சில்லு நிலத்தில் நிற்க, வாகனத்தின் பாரம் வில்லில் இருக்க, பிறகுதான் இறுக்கவேண்டும்.

எல்லாம் முடித்து ஓட்டிப் பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்தில் ஒரு வாகனம் திருத்தி முடித்து முதல் ஓட்டம் ஓடினால் நிற்கிறவன் எல்லாம் ஏறுவான். யாரும் கூப்பிடத் தேவையில்லை. கமலா அக்கா ஓட்டினார். பின்னால் நசீர் நானா, சிவா, நான், தேத்தண்ணிக் கடை ஆட்கள் இரண்டு பேர், வழியில் கை காட்டி ஏறிய ஒருவர். சிவா மட்டும் தொண்ணூறு கிலோ. வாவிக்கரைக் கிரவல் வீதியில் விட்டோம். நானா கையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி வைத்திருந்தார். ஒரு சொட்டுத்தான் சிந்தியது.

"படகு மாதிரிப் போகுதுடா" என்றான் சிவா.

"நீ இருந்தா எந்தப் படகும் தாழும்" என்றார் தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்தவர்களில் ஒருவர்.

கமலா அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தை நினைத்து அன்று இரவு நிம்மதியாகப் படுத்தேன்.

நாலாம் நாள் காலையில் அதே ஜீப் கராஜுக்கு முன்னால் வந்து நின்றது. கமலா அக்கா இறங்கினார். சிரிப்பு இல்லை.

"என்னத்த நானா பூட்டினீங்க? நேத்து வரக்குள்ள வழியில ரெண்டு இடத்தில நிப்பாட்டச் சொன்னார். சத்தி. கம்பியில மோதி நெத்தியில வீங்கிக் கிடக்கு. இறங்கி வீட்டுக்குள்ள போகக்குள்ள சொன்னார், இனி என்னைக் கூப்பிடாத எண்டு. சத்தம் போட்டுச் சொல்லல்ல. மெல்லமாச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். காற்று, ஷொக் என்று இரண்டு வசனம் போயிருக்கும். நானா என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். ஜீப்பின் பின்கதவைத் திறந்து ஏறினார். குந்தவில்லை. தம்பிராசா அண்ணனுக்கு விரித்திருந்த மெத்தையில் நீட்டிப் படுத்தார்.

"அக்கா, ஓட்டுங்க. நேத்து வந்த மாதிரி."

நாங்களும் ஏறப்போனோம். "ஒருத்தனும் ஏறாத" என்றார் உள்ளேயிருந்து.

திரும்பி வந்தபோது நானாவின் தொப்பி கையில் இருந்தது. தலையைத் தடவிக்கொண்டு இறங்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்டைக்குப் பின்னுக்கு எத்தினை பேர் இருந்தம்?"

"ஆறு."

"எவ்வளவு பாரம் வரும்?"

"நானூறு கிலோ கிட்ட வரும் நானா."

"அக்கா, அண்ணன் இப்ப எத்தினை கிலோ?"

"போன கிழமை நிறுத்தது நாப்பத்தாறு."

நானா ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். "நாங்க இத எங்களுக்குத் திருத்தி வெச்சிருக்கம்" என்றார்.

அதுதான் விசயம். ஆறு பேர் ஏறினால் அந்த வில்லு நல்லாக வளையும், படகு மாதிரிப் போகும். நாற்பத்தாறு கிலோ அந்த வில்லுக்கு ஒரு பாரமே இல்லை. வெறும் ஜீப் மாதிரித்தான் உதைக்கும்.

வழி ஒன்றுதான். அந்த லொறித் தகடுகளை எடுக்கவேண்டும். சாவி என் கையில் இருந்தது. நான் அப்பவே கழற்றத் தயார். நானா விடவில்லை. "வண்டி அவர்ட. அந்தப் பிளேட்டும் அவர் போட்டது. எடுத்தா இனி இது மூட்டை தூக்காது. அவரக் கேக்காமக் கை வைக்க மாட்டன்" என்றார்.

பின்னேரம் நானாவும் நானும் மண்டூருக்குப் போனோம். தம்பிராசா அண்ணன் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். சேட்டு அவருடையதுதான், ஆனால் வேறொரு ஆளுக்குத் தைத்ததுபோலத் தொங்கியது. நெற்றியில் வீக்கம் கறுத்திருந்தது. நானா விசயத்தைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்:

"கழட்டினா எத்தினை மூட்டை தூக்கும்?"

"அஞ்சாறு."

"அஞ்சாறு மூட்டை சைக்கிளிலயும் போகும் நசீர்."

"அண்ணன், உங்கட உடம்புக்கு..."

"உடம்பு கிடக்கட்டும். வயல் செய்ய எனக்கு ஏலாது. மாட்டுக்குப் பின்னால நடக்க ஏலாது. தை, மாசியில அந்த ஜீப் உழைக்கும். அது ஒண்டுதான் என்ர பேரில உழைக்குது. அதையும் என்னை மாதிரிக் கதிரையில இருத்தப் போறீங்களா?"

கமலா அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப என்ன, ஜீப்ப வெச்சிட்டு நீங்க போகப் போறீங்களா?" என்றார்.

முற்றத்தில் மாடு ஒன்று கத்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பாரம் இருந்தால்தானே வில்லு வளைகிறது? தகட்டை எடுக்காமல் பாரத்தைப் போட்டால் என்ன? மணல் மூட்டை ஆறு. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஏற்றுவது, நெல் ஏற்றும் நாளில் இறக்குவது. சொன்னதும் தம்பிராசா அண்ணன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "படிச்ச பிள்ளை எண்டா இதுதான்" என்றார். நானா தாடியைச் சொறிந்தார். "ஒருக்காப் பாப்பம். ஆனா நீயும் கூடப் போ" என்றார் என்னிடம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் விடியவே நான் அங்கே நின்றேன். முதல் நாள் பின்னேரம் பிடித்த மழை விடவில்லை. மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு மேல் வரும்படி அடுக்கி, பக்கத்தில் மெத்தையைப் போட்டு, அவரைப் படுக்க வைத்தோம். புறப்பட்டது நல்லாகத்தான் இருந்தது. முதல் குழியில் ஜீப் அமர்ந்து எழும்பியது. "சரிதான் மனே, இது சரிதான்" என்றார் பின்னாலிருந்து.

வட்டைக்குள் இறங்கும் இடத்தில் வீதி ஒரு பள்ளம் போய் ஏறும். அங்கே முழங்காலளவு தண்ணீர். வழக்கமாக ஜீப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இப்போது பின்பக்கம் முந்நூறு கிலோ. அடியில் களிமண். பின் சில்லு சுழன்றது, இறங்கியது. கமலா அக்கா கியர் மாற்றிப் பின்னால் எடுத்தார். இன்னும் இறங்கியது. எஞ்சினை அணைக்கவும் பயம், அணைத்தால் புகைக்குழாய்க்குள் தண்ணீர் போகும்.

நான் குதித்தேன். கமலா அக்காவும் குதித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். இரண்டு பேருமாக மூட்டையை இழுத்துத் தண்ணீரில் தள்ளினோம். மழை முகத்தில் அடித்தது. மணல் நனைந்து இன்னும் பாரம். மூன்றாவது மூட்டை அசையவில்லை. உள்ளே தம்பிராசா அண்ணன் எழும்பிக் குந்தினார். ஊசி குத்துகிற இடது கையால் பாரம் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவர் அந்தக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இரண்டு காலாலும் மூட்டையை உதைத்தார். ஒருக்கா. இரண்டாம் முறை. மூட்டை வழுக்கி வெளியே வந்து விழுந்தது.

"நீங்க கிடங்க! ஆரு உங்களச் செய்யச் சொன்ன?" என்று கத்தினார் கமலா அக்கா.

"நீ தண்ணிக்குள்ள நிண்டு சாகிறத நான் கிடந்து பாக்கட்டா?"

மிச்ச மூட்டைகளும் போனபிறகு ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. மேட்டில் நிறுத்தினோம். கமலா அக்கா ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிறிது நேரம் மூச்செடுத்தார். இனி மணல் இல்லை. பட்டிருப்புப் பாலம் வரைக்கும் குழி வீதி. பின்னால் இருப்பவரை இதே வில்லு மறுபடியும் உதைக்கும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

"கமலா" என்றார் அவர்.

"ம்."

"மெல்லமா ஓட்டு. இண்டைக்கு எப்பிடியும் போவம். நாளைக்கு நசீரிட்டச் சொல்லிக் கழட்டு."

"ஆரோ ஜீப்ப இருத்தப்படாது எண்டாங்க."

"சொன்னன்தான். கழட்டச் சொல்றன் இப்ப. கேக்குதா?"

அன்று நாங்கள் பிந்தித்தான் போனோம். ஆஸ்பத்திரியில் அவரை எடுத்துக்கொண்டார்கள். மெசினில் போட்டபிறகு கமலா அக்கா வெளியே வாங்கில் ஈரச் சேலையோடு குந்தியிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையைச் சூடாக்க வைத்திருந்தார்.

இரண்டாம் முறை வேலை இப்படி நடந்தது. இந்த முறை தம்பிராசா அண்ணனும் வந்தார். வரவேண்டும் என்று நானா ஆள் அனுப்பியிருந்தார். பின் வில்லில் பக்கத்துக்கு இரண்டு லொறித் தகடும், முன்னால் ஒன்றும் கழன்றது. ஜீப் இரண்டரை அங்குலம் தாழ்ந்தது. தாழ்ந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

"தண்ணிக்குள்ள ஜீப்புக்கு உயரம் என்னத்துக்கு?" என்று நானா திருப்பிக் கேட்டார். "எஞ்சின் மூச்சு எடுக்கிறதுக்கு. ஜீப்ப உயத்தாம மூக்க உயத்துவம்."

சிவா காற்று எடுக்கும் குழாயை எஞ்சினிலிருந்து வெளியே கொண்டுவந்து, முன் கண்ணாடியின் ஓரமாகக் கூரை வரைக்கும் ஏற்றி வெல்டிங் பிடித்தான். புகைக்குழாயின் வாயையும் பின்பக்கம் மேலே வளைத்து ஏற்றினான். அச்சுக்குள் தண்ணீர் போகாமலிருக்க அதன் காற்றுத் துளைகளுக்கு ரப்பர் குழாய் மாட்டி மேலே கட்டினோம். ஜீப் தாழ்ந்ததால் நீளமான ஷொக் அப்சோபர் கீழே முட்டுமா என்று ஒவ்வொரு சில்லையும் ஜாக்கியால் மேலே தள்ளி அளந்து பார்த்தோம். பின்னுக்கு முட்டியது. அந்த இரண்டையும் கொண்டுபோய்க் கட்டையானதாக மாற்றினேன். கடைக்காரர் பாதி விலைதான் தந்தார்.

கடைசியில் அந்தப் போல்ட்டுகள். சில்லு நிலத்தில், ஜீப்பின் பாரம் வில்லில். சாவியைப் போட்டேன். நானா "பொறு" என்றார். போய்த் தம்பிராசா அண்ணனை எழுப்பி, பின்னால் மெத்தையில் படுக்க வைத்தார். கமலா அக்காவை ஸ்டேரிங்கில் குந்த வைத்தார். "இப்ப இறுக்கு" என்றார்.

நானும் நானாவும் கீழே போனோம். நாற்பத்தாறு கிலோவுக்கு வில்லு ஒன்றும் பெரிதாக மாறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நானாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் இறுக்கினோம்.

மேலிருந்து குரல் வந்தது. "நசீர், கீழ என்ன சத்தமில்ல. தொழுறியா?"

"உங்கட ஜீப்புக்குக் கீழ கிடந்தா ஆருக்கும் தொழுக வரும் அண்ணன்."

"அந்தக் கழட்டின பிளேட்ட என்ன செய்யப் போறாய்?"

"உங்களுக்குத்தான். கொண்டு போங்க."

"என்னத்துக்கு? மாட்டுக்கு மணி கட்டவா? வித்துப் போடு. காசக் கணக்கில கழி."

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு பேர் மட்டும் போனார்கள். அவர் படுத்தபடி, கமலா அக்கா ஓட்டியபடி. தேத்தண்ணிக் கடை ஆட்கள் பழக்கதோசத்தில் ஏற வந்தார்கள். நானா பின்கதவின் குறுக்கே நின்றுகொண்டார். ஜீப் போய்விட்டது. நாங்கள் வீதியில் நின்றோம். வரவேண்டிய நேரம் கடந்தும் வரவில்லை. சிவா ஒரு பீடி முடித்து அடுத்ததைப் பற்றவைத்தான். நான் மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனபோது ஜீப் வளைவில் தெரிந்தது.

கமலா அக்கா இறங்கினார். "பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போகச் சொல்லிட்டார். அந்தக் குழியெல்லாத்திலயும் விழுத்தி எடு எண்டார்."

நானா பின்கதவைத் திறந்தார். தம்பிராசா அண்ணன் ஒரு கையை ஊன்றி எழும்பினார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்தக் கதவு கிடந்து கடகட எண்டுது" என்றார். "மனிசன் கண்ணை மூட ஏலாது. அதையும் பாருங்க."

கதவுக்கு ரப்பர் போட்டுக் கொடுத்தோம். ஒன்பது வருடத்தில் ஒரு வேலை சரிவந்துவிட்டது என்று நான் நூற்றுக்கு நூறு அறிந்தது அந்தக் கதவு முறைப்பாட்டில்தான்.

அந்த மாரி கொடிய மாரி. வட்டைக்குள் தண்ணீர் இரண்டு முறை ஜீப்பின் பம்பர் வரைக்கும் வந்தது. கூரையோடு நின்ற அந்தக் குழாய் மூச்செடுத்துக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. சில நாள் எங்கள் கராஜுக்கு முன்னால் நிறுத்துவார்கள். கமலா அக்கா இறங்கி ரயரில் காற்று பார்ப்பார். பின்னால் அவர் படுத்துக்கொண்டு சிவாவைப் பகிடி பண்ணுவார்.

மாசியில் அறுவடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டூருக்கு ஒரு வேலையாகப் போனவன் அவர்களுடைய வயலுக்கும் போனேன். வரம்பில் கதிரை போட்டுத் தம்பிராசா அண்ணன் இருந்தார். அவருடைய நெல்லை வாடகைக்குப் பிடித்த மிசின் ஏற்றிக்கொண்டு இருந்தது. ஜீப் வீதியோரம் சும்மா நின்றது. பக்கத்து வயல்காரர் பூபாலன் மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"என்ன அண்ணே, ஊர் நெல்லெல்லாம் ஏத்தின ஆள் இப்ப கூலிக்கு மிசின் பிடிச்சிருக்கீங்க? ஜீப் மூட்டை தூக்காதாமே?"

"தூக்காது."

"பிறகு என்னத்துக்கு அத வெச்சிருக்கீங்க?"

"என்னைத் தூக்குது."

பூபாலன் சிரித்தார். "உங்களத் தூக்கிறதுக்கு எவ்வளவு காசு முடிஞ்ச?"

கமலா அக்கா மூட்டைக்குப் பக்கத்தில் நின்று புருசனைப் பார்த்தார். அண்ணன் பேச்சை மாற்றுவார் என்று நினைத்தேன். அவர் மாற்றவில்லை. ஊசி குத்துகிற கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையின் விரலை மடக்கினார்.

"நசீர்ட கணக்கு, பிளேட் வித்த காசு கழிச்சு, ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். இந்த மிசினுக்குப் பதினெட்டு. ஆக்கள்ற நெல்லு ஏத்தாம விட்ட வாடகை அம்பத்தாறு." பூபாலனுக்கு மட்டுமல்ல, வயலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி கூட்டிச் சொன்னார். "எல்லாம் சேத்து, என்னைத் தூக்க இந்த மாரிக்கு ரெண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபா."